கல்லடி மலையில் ஒரு வாசக்கால்

"வீடு கட்டினா வாசல எந்தப் பக்கம் வைக்கப்போற, தங்கச்சி?"

யோகேஸ்வரன் அப்படிக் கேட்டபோது சுலக்ஷனாவுக்குப் பதினைந்து வயது. கல்லடி மலையில் காடு மண்டிக் கிடந்த பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தோட்டத்துச் சனத்துக்கு வீடு கட்ட நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். நுவரெலியாவிலிருந்து வந்த சர்வேயர் குடைக்குக் கீழே நின்று கையை ஆட்ட, யோகேஸ்வரன் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறியும் இறங்கியும் ஓடினான். அவனும் அவள் லயத்துப் பையன்தான், அதே வரிசை வீடுகளில் வளர்ந்தவன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். வீரய்யாவின் பங்குக்கு நாலு மூலையிலும் வெள்ளைக் கட்டை அடித்து முடித்துவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வீரய்யாவின் மகளிடம் சும்மா கேட்டான்.

அவள் பதில் சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் அவள் தரையைத்தான் பார்ப்பாள். ஆனால் அன்றைக்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்கள் என்றே அவளுக்குத் தெரியாது. லயத்தில் எல்லா வாசலும் ஒரே பக்கம், தேயிலை ஆலையான இஸ்டோரைப் பார்த்துத்தான் இருக்கும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் அப்படிக் கட்டினார்களாம். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நின்று கொம்பு ஊதுகிறவனுக்கு, எந்தக் கதவு திறக்கிறது, எது திறக்கவில்லை என்று ஒரே பார்வையில் தெரியவேண்டும். கப்பலேற்றிக் கொண்டுவந்த சனத்துக்கு வாசல் எதற்கு, காற்று எதற்கு? வேலைக்கு வெளியே வருவதற்கு ஓர் ஓட்டை போதும்.

அந்த வருஷம்தான் தலைவர் ஒருவர் வந்தார். பெரட்டுக் களத்தில் மேடை போட்டு, வாழை கட்டி, ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். வடக்கில் சண்டை முடிந்துவிட்டது, நாடு ஒன்றாகிவிட்டது, இனிமேல் விடிய வேண்டியது மலைநாட்டுக்குத்தான் என்றார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு கட்டும் அளவுக்கு ஏழு பேர்ச் காணி, கையில் உறுதிப்பத்திரம், சொந்த முகவரி என்றார். கல்லடி மலைக்கு ஏறிப்போய் ஒரு கல்லும் நட்டார். பொம்பிளைகள் குலவை போட்டார்கள். வீரய்யா அழுதார்.

அழுததோடு நின்றிருக்கலாம். அடுத்த மாசமே அவர் ஒரு காரியம் செய்தார். பூண்டுலோயாவில் மரத் தளபாடக் கடையில் வேலை செய்யும் அழகனிடம் சொல்லி ஒரு வாசக்கால் செய்வித்தார். நல்ல வைரம் பாய்ந்த மரம். அடியில் நிலைப்படியாகப் படிக்கட்டை ஒன்றையும் வைத்துக் கனமாகச் செய்திருந்தான் அழகன். லயமே சிரித்தது. வீட்டுக்கு முந்தி வாசக்கால் வாங்கின ஆளை அது வரைக்கும் யாரும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவர் வாசக்கால் வீரய்யா.

பத்திரம் வரவில்லை. அடுத்த தேர்தலில் வேறொரு தலைவர் வந்து, ஏழு போதாது, பத்து பேர்ச் என்றார். அதுவும் வரவில்லை. வாசக்கால் மட்டும் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளே, கூரைத் தகரத்துக்குக் கீழே, உத்திரத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது. அதில் ஈரத்துணி காயப்போட்டார்கள், வெங்காயக் கொத்துத் தொங்கவிட்டார்கள். அம்மா நாகலெட்சுமி மலையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டபோது சுலக்ஷனா பள்ளிக்கூடத்தை விட்டாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வராமல் போனதை டீச்சர் கவனிக்கவே சில நாளாயிற்று. அவளுடைய புத்தகப்பையும் அந்த வாசக்காலில்தான் தொங்கியது. ராத்திரி படுத்துக்கொண்டு மேலே பார்ப்பாள். அந்தச் சட்டத்தை மனசுக்குள்ளே நிமிர்த்தி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பாள்.

யோகேஸ்வரன் தோட்டத்தில் சின்ன உத்தியோகத்தில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், கடைசியில் கீழ்ப்பிரிவின் வேலைகளைப் பார்க்கிற கண்டாக்கு ஆனான். மோட்டார் சைக்கிள், சப்பாத்து, தனிக் குவாட்டர்ஸ். வீரய்யாவை முன்பெல்லாம் சித்தப்பா என்று கூப்பிட்டவன், இப்போது பெரட்டில் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். அதில் யாருக்கும் பெரிய குறையில்லை. உத்தியோகம் என்றால் அப்படித்தான்.

போன கார்த்திகையில் அந்தப் புயல்மழை வந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மலை ஒரு பக்கமாகப் பெயர்ந்து வந்து கடைசிக் காம்பராக்களை மூடியது. எல்லாரும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருந்ததால் உயிர் தப்பியது. அதிகாரிகள் வந்து, இங்கே குடியிருக்கக் கூடாது என்று கதவுகளில் தாள் ஒட்டினார்கள். பிறகு பள்ளிக்கூடம் தொடங்கவேண்டும் என்று சொல்லி எல்லாரையும் அதே லயத்துக்கு அனுப்பினார்கள். வீரய்யாவின் காம்பராவில் பின்சுவர் கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. மழை பெய்தால் நாகலெட்சுமி உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

"கல்லடி மலை இருக்கே. இந்தத் தடவை குடுக்காம எங்க போயிருவாங்க?" என்றார் வீரய்யா. அந்த மலை கெட்டிப் பாறை மேல் உட்கார்ந்த நிலம். அத்தனை மழைக்கும் அங்கே ஒரு பிடி மண் சரியவில்லை.

மாசி மாசம் ஒருநாள், தேயிலைக் கன்று வளர்க்கிற தவறணையில் சுலக்ஷனா வேலை செய்துகொண்டிருந்தாள். பைக்குள் மண் அடைத்து, தளிர் நட்டு, நிழல் கட்டி, தண்ணீர் ஊற்றி வளர்த்த கன்றுகள் முழங்கால் உயரம் வந்திருந்தன. நிழல் பந்தலைப் பிரிக்கச் சொன்னார் கங்காணி சின்னராசா. பந்தலைப் பிரித்தால் கன்று மலைக்குப் போகப்போகிறது என்று அர்த்தம்.

"எந்த மலைக்குங்க கங்காணி?" என்று தயங்கிக் கேட்டாள்.

"அடேயப்பா, இது பேசுது! கல்லடி மலைக்குத்தான். ஏன், ஒன் வீட்டு முன்னுக்கு வைக்க ரெண்டு எடுத்துக்கிறியா?"

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். பிறகு, அவர் சொன்னது உறைக்க, ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அங்கே கட்டை அடித்த பங்கு இருந்தது. சுலக்ஷனா தன் முன்னால் வரிசை வரிசையாக நின்ற கன்றுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் கையால்தான் மண் அடைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் கல்லடி மலையில் குழிவெட்டு என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். வீரய்யாவின் பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தது.

சாயங்காலம் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாகலெட்சுமி ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்.

"சங்கத்துத் தலைவர் என்ன சொன்னாரு?"

"பேசிக்கிட்டு இருக்காங்களாம்."

"யாரோட?"

"மேலெடத்துல."

"மேலெடம் மேலெடம்னு சொல்லிச் சொல்லித்தான் மேலயிருந்து மண்ணு வந்து விழுந்துச்சு. இன்னும் என்னத்த எதிர்பாக்குறாங்க?"

"என்னைய என்னா செய்யச் சொல்ற? குழி வெட்டமாட்டேன்னு அலவாங்கக் கீழ வச்சா, காம்பராவையும் சேத்துக் குடுத்துட்டுப் போகணும். தெரியாதா ஒனக்கு?"

தெரியும். வேலை இருந்தால் காம்பரா. வேலை இல்லையென்றால் தெரு. அது அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருக்கிற கணக்கு.

"குழி வெட்டிட்டா எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள் நாகலெட்சுமி. "கன்னு வச்ச மலைய ஒரு தொரையும் காணியாப் பிரிச்சுத் தரமாட்டான். ஒன் கையாலயே வெட்டி மூடிட்டு வா."

நாகலெட்சுமி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"வாசக்கால எறக்குவோம்ப்பா" என்றாள் சுலக்ஷனா.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எறக்கி, விடியுறதுக்குள்ள நம்ம பங்குல நிறுத்திருவோம். மஞ்சப் பூசிப் பொட்டு வச்சு நிறுத்திட்டா, அதுல யாரு கை வைப்பாங்க?"

அவள் சொன்னது லேசான பேச்சில்லை. முறையாகப் பூசை போட்டு நிறுத்தின வாசக்காலை அடுத்தவன் தொடக்கூடாது. தொட்டால் தொட்டவன் வீட்டில் விளக்கு அணையும். சாமி இல்லை என்று பேசுகிறவர்கள்கூட அந்த ஒன்றில் கைவைக்கமாட்டார்கள். மண் மூடின கடைசிக் காம்பராக்களைப் பார்த்தாலே தெரியும். தகரம் ஒரு வாரத்தில் காணாமல் போனது. செங்கல் போனது, உத்திரமும் சன்னலும் அடுப்புக்குப் போயின. மூன்று வாசக்கால் மட்டும் மண்ணுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. விறகுக்கு மைல் கணக்கில் நடக்கிற பெண்கள், அதைத் தாண்டித்தான் போகிறார்கள்.

வீரய்யா வெகுநேரம் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்கை உதறிப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நான் ஒண்ணையும் பாக்கல. என்னையக் கேட்டா எனக்குத் தெரியாது."

விடியற்கருக்கலில் அழகன் வந்தான். அவனும் சுலக்ஷனாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்க, நாகலெட்சுமி ஊன்றுகோலோடு பின்னால் ஏறினாள்.

"இத்தன வருசமாப் படுத்தே கெடக்கிற வாசக்காலு ஒலகத்துலயே நான் செஞ்சது ஒண்ணுதான்" என்று மூச்சிரைக்கச் சொன்னான் அழகன். "நிமிந்து நிக்கிறதப் பாத்துட்டா, கடையில காலரத் தூக்கிவிட்டுப் போவேன்."

"மெதுவாப் பேசு" என்றாள் நாகலெட்சுமி. "ஊர எழுப்பாத."

வெள்ளைக் கட்டைகளில் சில மழையில் இற்றுப்போயிருந்தன. வீரய்யாவின் பங்கில் நாலும் இருந்தன. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவர் போய்ச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவார். அழகன் அளந்து இரண்டு குழி எடுத்தான். நாகலெட்சுமி நவதானிய முடிச்சை மகளிடம் கொடுத்தாள்.

"நீயே போடு. இருக்கப்போறவ நீதான்."

"மாவில இல்லையேம்மா. கொய்யாக் கொப்புதான் கெடச்சுச்சு."

"இந்தக் குளிருல மாமரம் இல்லைனு சாமிக்குத் தெரியும். கட்டு."

எந்தப் பக்கம் பார்த்து நிறுத்துவது என்று அழகன் கேட்டான். சுலக்ஷனா யோசிக்கவே இல்லை. கையை நீட்டிக் காட்டினாள். அழகன் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டத்தைத் திருப்பினான். குழிக்குள்ளே பால் ஊற்றி, அவள் கையாலேயே சட்டத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். மஞ்சளை மேலிருந்து கீழ்வரைக்கும் பூசினாள். வெளிச்சம் வந்தபோது, வெறும் மலையின் நடுவில் மஞ்சளாக ஒரு வாசல் நின்றது. முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை.

தவறணை அந்த மலையின் அடியிலேயே, ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தது. அவள் வேலைக்குப் போய் மண் அள்ளிக்கொண்டே காது கொடுத்துக் காத்திருந்தாள்.

குழிவெட்டுக்காரர்கள் வந்ததும் முதலில் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"அடேய், வாசக்கால் வீரய்யா வீடு கட்டிட்டாருடா!" என்று கத்தினான் பெரியதம்பி. கூட்டத்தில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான். "செவரும் கூரையும்தான் பாக்கி! வீரய்யாண்ணே, பாலு காச்சையில சொல்லி அனுப்புங்க!"

வீரய்யா அவன் பக்கம் திரும்பவில்லை. வாசக்காலைப் பார்க்கவும் இல்லை. அலவாங்கைத் தோளிலிருந்து இறக்கி, அதன் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் வந்தது. யோகேஸ்வரன் வண்டியைப் பாதையோரம் நிறுத்திவிட்டு ஏறி வந்தான். சிரிப்பு நின்றது.

"யாரு வேலை இது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, யாரு வேலையா இருந்தா என்ன. புடுங்கிப் பாதையில போடுங்க. பெரியதம்பி, நீயும் ஜீவராஜும் போங்க."

பெரியதம்பி ஒரு அடி பின்னால் போனான். "கண்டாக்கையா, எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. நான் தொடமாட்டேன்."

"ஜீவராஜ்?"

ஜீவராஜ் தலையை ஆட்டினான். "வச்ச கைதாங்க எடுக்கலாம். ஒங்களுக்குத் தெரியாததா?"

அப்போதுதான் அந்த இடத்தின் காற்றே மாறியது. வச்ச கை. எல்லாக் கண்ணும் வீரய்யாமேல் வந்து நின்றது. யோகேஸ்வரன் மெதுவாகத் திரும்பினான்.

"அப்ப நீதான் எடுக்கணும், வீரய்யா."

"நான் வைக்கல."

"ஒன் வாசக்கால் இல்லையா?"

"என்னோடதுதான். நான் வைக்கல."

"இந்தா பாரு. நீ எடுக்கிற வரைக்கும் குழி இல்ல. குழி இல்லாட்டி இன்னைக்கு இங்க நிக்கிற ஒருத்தனுக்கும் பேர் விழாது. அப்பறம் ஒன்னோட கூட்டாளிங்ககிட்ட நீயே பேசிக்க."

பேர் விழாது என்றால் ஒருநாள் சம்பளம் இல்லை. கூட்டம் அசைந்தது. சற்றுமுன் சிரித்த பெரியதம்பியே, "அண்ணே, எடுத்துருங்கண்ணே. பின்னால பாத்துக்கலாம்" என்றான். "நாங்க என்னா பாவம் பண்ணினோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒங்களுக்கு மட்டுந்தான் பங்கு இருக்கா இங்க? எங்களுக்கு இல்லையா? நாங்க சும்மா இருக்கலையா?" என்று இன்னொரு குரல்.

கீழே தவறணையில் சுலக்ஷனாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவள் இதை நினைக்கவே இல்லை. அடுத்தவன் கை படாது என்று மட்டும்தான் நினைத்தாள். அடுத்தவன் கை படாததால்தான் அப்பாவின் கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று தோன்றவில்லை. காவலுக்கு வைத்ததே அவர் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது. மண் கூடையைப் போட்டுவிட்டு ஓடையைத் தாண்டினாள். சின்னராசா பின்னால் கத்தியது காதில் விழவில்லை.

மேலே வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. இத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் ஒருநாளும் நின்றதில்லை.

"நான்தான் வச்சேன்" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை குரல் உடைந்து, தேவைக்கு மேலே பெரிதாக வந்தது.

"நான்தான் வச்சேன்! என் கையாலதான் நிறுத்தினேன். அப்பா அங்க இல்ல."

யோகேஸ்வரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லது. அப்ப நீயே எடு."

"எடுக்கமாட்டேன்."

"நீங்க குடியிருக்கிற காம்பரா யாரு குடுத்ததுனு தெரியுமா?"

"அது வெடிச்சுக் கெடக்குது. அதுல இருக்காதேனு கதவுல ஒட்டியிருக்கு. இந்த மலையில கட்டை அடிச்சுக் குடுத்தாங்க. அதுல நிறுத்தினேன்."

யோகேஸ்வரன் கைபேசியை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனான். தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரையிடம் சிங்களத்தில் பேசுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு குறைந்து, "ஹரி சேர்... ஹரி சேர்" என்று சரி போடுவது மட்டும் மிச்சமானது. திரும்பி வந்தபோது அவன் முகம் கறுத்திருந்தது.

"தொரை சொல்லுறாரு, அது பாட்டுக்கு நிக்கட்டுமாம். சுத்திக் குழி வெட்டச் சொல்லுறாரு. சாயங்காலம் அவரே வந்து பாப்பாரு. ஒரு குழி கொறைஞ்சாலும் யாருக்கும் பேர் இல்ல. வாசலுக்கு உள்ள வர்ற குழியையும் சேத்துத்தான். கயித்தப் புடிங்க."

கயிறு பிடித்தார்கள். குழிக்குக் குழி அடையாளமாகக் குச்சி குத்தினார்கள். கீழேயிருந்து மேலே, ஆளுக்கொரு நிரை. கொழுந்து பறித்தாலும் குழி வெட்டினாலும் தோட்டத்தில் அதுதான் முறை. பிடித்த நிரையைப் பிடித்தவன்தான் முடிக்கவேண்டும். அடுத்தவன் நிரைக்குள் கால் வைப்பது, நீ செத்தவனுக்குச் சமம் என்று முகத்துக்கு நேரே சொல்வதுபோல. குச்சி குத்தி முடித்தபோது, நடு நிரை ஒன்று நேராக மஞ்சள் வாசலுக்கு ஏறியது. படிக்கட்டைக்கு ஒரு எட்டு உள்ளே ஒரு குச்சி நின்றது. அந்த நிரையில் போய் நிற்க ஆளில்லை. எல்லாரும் ஓரங்களுக்கு ஒதுங்கினார்கள்.

வீரய்யா நடந்து போய் அந்த நிரையில் நின்றார்.

சுலக்ஷனா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அலவாங்கை ஓங்கி முதல் குத்துக் குத்தினார்.

அதற்குப் பிறகு சத்தம் மண்ணிலிருந்துதான் வந்தது. தங்கள் தங்கள் வெள்ளைக் கட்டையைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் வேகமாக வெட்டினார்கள், சீக்கிரம் கடந்துவிட வேண்டும்போல. ஜீவராஜ் தன் பங்கின் மூலைக்கட்டை குழியில் மாட்டியபோது, அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் இடுப்பில் செருகிக்கொண்டான். வெயில் ஏறியது. சுலக்ஷனா வாசக்காலுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். யோகேஸ்வரனும் அவளைப் போகச் சொல்லவில்லை.

வீரய்யா மற்றவர்களைவிட மெதுவாக வந்தார். குழி ஒவ்வொன்றும் அளவு தப்பாமல் ஆழமாக இருந்தது. அவர் வாசலுக்குக் கீழே கடைசிக் குழியை வெட்டி முடித்தபோது மற்ற நிரைகள் எல்லாம் உச்சிக்குப் போயிருந்தன. எல்லாரும் அலவாங்கை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தார்கள்.

அவருக்கு முன்னால் படிக்கட்டை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு குச்சி.

வீரய்யா முகத்தைத் துடைத்தார். அலவாங்கைப் பக்கத்தில் வைத்தார், கீழே போடாமல், சத்தம் வராமல். எழுந்து வாசக்காலைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு மேலே இருந்த குச்சியிலிருந்து மறுபடியும் வெட்டுவதற்காகக் குனிந்து, கையால் புல்லை விலக்கினார்.

"ஒண்ண விட்டுட்டே" என்றான் யோகேஸ்வரன்.

"விட்டுட்டேங்க."

"வெட்டு."

"மத்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரி வெட்டுறேன், கண்டாக்கையா. அது என் வீட்டுக்குள்ள இருக்கு." குரலில் கோபம் இல்லை. "என் நெரையில வேற யாரும் எறங்கவும் மாட்டாங்க. நீங்க கேட்டுப் பாருங்க."

யோகேஸ்வரன் மேலே பார்த்தான். பெரியதம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜீவராஜ் இடுப்பில் செருகிய கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காலையில் எடு எடு என்று சொன்னவர்களில் ஒருவரும் இறங்கவில்லை. அந்த ஒரு குழி இல்லையென்றால் அன்றைய பேர் இல்லை என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் நின்றார்கள்.

"நாளைக்கு நீங்க எல்லாரும் வந்து கெஞ்சுவீங்க" என்றான் யோகேஸ்வரன்.

அவன் குனிந்து அலவாங்கை எடுத்தான். கண்டாக்குக் கையில் அலவாங்கை அந்தத் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டான். அவன் அப்பனும் குழிவெட்டுக்காரன்தான். பிடி அவனுக்கு மறந்திருக்கவில்லை. இரண்டு எட்டு வைத்து வாசலுக்கு முன்னால் வந்தான். ஒரு காலைத் தூக்கிப் படிக்கட்டைக்கு மேலே கொண்டுபோனான்.

"சப்பாத்தோடயா?" என்றாள் சுலக்ஷனா.

கால் அந்தரத்தில் நின்றது. அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான். சேறு அப்பின கறுப்புச் சப்பாத்து. யார் வீட்டு வாசலிலும் அதைக் கழற்றாமல் அவன் ஏறியதில்லை. கால் தானாகப் பின்னால் போய் மண்ணில் ஊன்றியது. அதற்குப் பிறகுதான், அங்கே வீடே இல்லை என்பது அவனுக்கு நினைவு வந்ததுபோல் இருந்தது. முகத்தில் ரத்தம் ஏறியது.

பக்கத்துப் பங்கில் இரண்டு கட்டைகள் மட்டும் மிச்சமிருந்தன. அது அவன் அம்மா மீனம்மாவின் பங்கு. அதைத் தன் அம்மாவுக்காக அவனே அடித்தான், அந்த நாளில், அதே கையால். மீனம்மா இப்போது அவனுடைய குவாட்டர்ஸில் இருக்கிறாள். அவன் வேலையை விடுகிற நாளில் அவளும் அதைவிட்டு இறங்கவேண்டும்.

"அண்ணே" என்றாள் சுலக்ஷனா.

கண்டாக்கையா என்று அவள் சொல்லவில்லை. அதை எல்லாருமே கவனித்தார்கள்.

"இந்த எடத்துல நின்னுதான் அன்னைக்கு என்கிட்டக் கேட்டீங்க, வாசல எந்தப் பக்கம் வைக்கப்போறேன்னு. எனக்கு அப்ப வாய் வரல." அவள் தரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்தாள். "இஸ்டோரு தெரியாத பக்கமா வச்சிருக்கேன். நீங்க நிக்கிற எடத்துலயிருந்து திரும்பிப் பாருங்க."

அவன் திரும்பினான். வாசலுக்கு நேரே மலை இறங்கி, ஓடையில் முடிந்து, அதற்கப்பால் பள்ளத்தாக்கு திறந்துகொண்டு கிடந்தது. தூரத்தில் பூண்டுலோயா ஆறு ஒரு கீற்றாகத் தெரிந்தது. லயமும் பெரட்டுக் களமும் இஸ்டோரும் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. அங்கே பிறந்து, அங்கேயே சம்பளம் வாங்கி, அந்த மலையில் ஆயிரம் தடவை ஏறி இறங்கியவன், அந்தப் பக்கத்தை அப்போதுதான் பார்ப்பதுபோல நின்றான்.

உச்சியில் யாரோ இருமினார்கள். வீரய்யா குனிந்தபடியே காத்திருந்தார்.

யோகேஸ்வரன் அலவாங்கை வாசலுக்கு வெளியே, மண்ணில் நேராகக் குத்தி நிறுத்தினான். மடித்த சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டான். வெட்டிப் போட்ட குழிகளுக்கு நடுவே, எதிலும் கால் வைக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கினான். அம்மாவின் பங்கில் சாய்ந்து கிடந்த கட்டையிடம் ஒரு நிமிஷம் நின்றான். வண்டியைக் கிளப்பவில்லை; தள்ளிக்கொண்டே பாதை வளைவில் திரும்பினான். வாசலுக்குள்ளே அந்தக் குச்சி, குழி விழாமலே நின்றது.